கணக்கு கேட்காத கேள்வி: கம்பெனியும் சாதியும்



மறைந்தவரின் பெருமையைப் பேசிக் கலைவதற்காக மட்டும் நாம் நினைவுப் பேருரைக்குக் கூடுவதில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கேள்விகளைக் கையில் எடுக்கவே கூடுகிறோம். இன்று அப்படி ஒரு கேள்வி. கம்பெனி வந்தால், இயந்திரம் வந்தால், எழுதிவைத்த விதி வந்தால் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக நமக்குச் சொல்லிவருகிறார்கள். ஒருபுறம் நெய்வேலிச் சுரங்கம், மறுபுறம் விருத்தாசலம் பீங்கான் சூளைகள். இவற்றுக்கு அருகில் மங்கலம்பேட்டையில் வாழும் நாம் இதைச் சோதித்துப் பார்க்காமல் நம்ப முடியாது.

சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு மாக்ஸ் வேபர் அறிமுகமானவர். பழக்கம், மரபு, ஆளின் முகம் ஆகியவற்றால் நடந்த உலகம், விதி, கோப்பு, பதவி அடுக்கு, கணக்கு ஆகியவற்றால் நடக்கும் உலகமாக மாறுவதை அவர் விளக்கினார். அதைத் தமிழில் 'பகுத்தறிவுமயமாதல்' என்கிறோம். இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. நம் மண்ணில் பகுத்தறிவு என்றால் 'ஏன்' என்று கேட்பது. வேபர் பேசியதோ பெரும்பாலும் 'எப்படி' என்று கணக்குப் போடும் அறிவு. குறைந்த செலவில், குறைந்த நேரத்தில் வேலையை எப்படி முடிப்பது என்ற அறிவு. இரண்டும் ஒன்றல்ல. நம் உழைப்பு வரலாறு இந்த இரண்டுக்கும் இடையே நடந்த வரலாறு.

முதலில் பம்பாய். 1928 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சுமார் ஒன்றரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு தறி பார்த்தவர் மூன்று தறி பார்க்க வேண்டும், நூற்பிலும் கூடுதல் இயந்திரங்களைக் கவனிக்க வேண்டும், மிஞ்சுகிற ஆளை வீட்டுக்கு அனுப்பலாம் என்பது நிர்வாகத்தின் திட்டம். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'ரேஷனலைசேஷன்'.

அதே ஆலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இடமில்லை. நெசவில் நூலுக்கு வாய் படும், எச்சில் படும். அந்த எச்சில் தீட்டு என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஒரு தறிக்கு எத்தனை ஆள், ஒரு நிமிடத்துக்கு எத்தனை கெஜம் என்று எல்லாவற்றையும் அளந்த நிர்வாகம் இந்தத் தீட்டை மட்டும் தொடவில்லை. திறமையான ஒரு பகுதியினரைப் பிறப்பைக் காட்டி வெளியே நிறுத்துவது நட்டம்தானே? அவர்களுடைய கணக்குப்படியே அது பகுத்தறிவற்றது. ஆனால் தொழிலாளர் பிளந்துகிடப்பது முதலாளிக்கு வேறு வகையில் லாபம்.

அண்ணல் அம்பேத்கர் இதை வேலைநிறுத்தக் குழுவின் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கும்படி வற்புறுத்தினார். தயக்கத்தோடுதான் சேர்த்தார்கள். இந்த அநீதிக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று முதலாளிகள் கைகழுவினார்கள். கூலிக்காகத் தெருவில் நின்றவர்களும் ஆலையை நடத்தியவர்களும் ஒரே இடத்தில் மௌனமானார்கள். 1938இல் மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடம் பேசியபோது, முதலாளித்துவத்தோடு பார்ப்பனியத்தையும் தொழிலாளியின் பகையாக அம்பேத்கர் நிறுத்தியதை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்தது, நம் வடதமிழகத்துச் சேரிகளோடு ரத்த உறவுள்ள கோலார் தங்கவயல். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு முதலான மாவட்டங்களிலிருந்து பண்ணையடிமை வாழ்வை உதறிச் சென்ற நம் மக்கள்.

கம்பெனி அவர்களை எண்ணாக்கியது. தங்கத் திருட்டைத் தடுப்பது என்று சொல்லி உடலைச் சோதித்தது. கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் முறைக்கு எதிராக 1930இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாறைத் தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோய் வந்தது. மேலே அதிகாரிகளுக்குப் பங்களா, கீழே தொழிலாளர்களுக்குத் தட்டி வீடு. இது ஒரு பக்கம்.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. பண்ணையில் வேலைக்கு முடிவு நேரம் கிடையாது. ஆண்டை கூப்பிட்டால் நள்ளிரவிலும் போக வேண்டும். சுரங்கத்தில் சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது. கூலி நெல்லாக இல்லை, காசாகக் கையில் விழுந்தது. அந்த நேரத்தையும் காசையும் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்பதுதான் வரலாறு. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளைகள் வேர்விட்டன. சென்னையில் 1907இல் தொடங்கிய அவருடைய 'தமிழன்' இதழுக்கு அங்கே வாசகர்கள் திரண்டார்கள். 1914இல் அவர் மறைந்த பிறகு, 1926 முதல் கோ. அப்பாத்துரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது.

கம்பெனி 'எப்படி' என்று மட்டுமே கேட்டது. ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்கள் 'ஏன்' என்று கேட்டார்கள். நாம் ஏன் தாழ்ந்தவர்? யார் சொன்னது? எப்போதிருந்து? அந்தப் பகுத்தறிவைக் கம்பெனி கொடுக்கவில்லை. கம்பெனியின் கடிகாரத்திலிருந்து நம் மக்கள் பிடுங்கிக்கொண்டது அது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. கணக்கில் நட்டம் என்றார்கள். நான்கு தலைமுறை நுரையீரல் அந்தக் கணக்கில் வரவில்லை.

இனி நம் வாசலுக்கு வருவோம். 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பொதுத்துறையாகப் பிறந்தது. எண்ணிட்ட வட்டங்கள், தரத்துக்கேற்ற குடியிருப்பு, ஷிப்ட், பதவி உயர்வு விதி. சேரியிலிருந்து போன ஒருவர் இடஒதுக்கீட்டில் நிரந்தர வேலை பெற்று, எந்த ஊர்த்தெருவுக்கும் பணியாமல் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். எழுதப்பட்ட விதி செய்த நன்மை இது. இதை நாம் குறைத்து மதிப்பிட மாட்டோம்.

ஆனால் அந்த விதி யாருக்குப் பொருந்தும்? நிலம் எடுத்தபோது பட்டா உள்ளவரைத்தான் கோப்பு முதலில் பார்த்தது. அந்த நிலத்தில் நடவு நட்டும் களை எடுத்தும் பிழைத்தவருக்குப் பட்டா இல்லை. ஆகவே அவர் இழந்த கூலிக்குக் கோப்பில் இடமும் இல்லை. வேலை கொடுத்தபோது நிரந்தரப் பதிவேட்டில் இடஒதுக்கீடு உண்டு. ஒப்பந்ததாரர் எடுக்கும் ஆளுக்கு அது இல்லை. பதிவேடு சுருங்கி ஒப்பந்தம் பெருகும்போது, ஒரு சட்டத்தையும் திருத்தாமலே அரசியலமைப்பு தந்த உரிமை கரைகிறது.

இதன் இன்றைய முகத்தை 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் பார்த்தோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள், பெருவாரியாகப் பெண்கள், இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி இரவு காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. செலவுக் குறைப்பு, திறன், டெண்டர் என்று சொற்கள் மாறிவிட்டன. குப்பையை அள்ளும் கை மாறவில்லை. பம்பாயின் நெசவுக்கூடம் நம்மை உள்ளே விட மறுத்தது. இன்றைய குப்பை வண்டி நம்மை வெளியே விட மறுக்கிறது. இரண்டு இடத்திலும் நிர்வாகம் சொல்வது ஒன்றுதான்: நாங்கள் சாதி பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையில்லை. ஏற்கெனவே பிரித்துவைத்திருக்கும் ஊர், அவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஆள்சேர்ப்பு அலுவலகம்.

ஆகவே நாம் கம்பெனியை வெறுத்துப் பண்ணைக்குத் திரும்பப் போவதில்லை. கிராமம் பொற்காலம் என்று சொல்பவர் சேரியில் வாழ்ந்தவராக இருக்க முடியாது. விதி வேண்டும், பதிவேடு வேண்டும், அதில் நம் பெயரும் வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு, நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு நிரந்தர நியமனம் என்ற கோரிக்கைகள் சலுகை கேட்பவை அல்ல. விதியை அதன் சொல்லுக்கு உண்மையாக இருக்கச் சொல்பவை.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்து முடிக்கிறோம். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போங்கள். களிமண் பிசைபவர் யார், அச்சில் வார்ப்பவர் யார், சூளையில் நிற்பவர் யார், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று எழுதுங்கள். தூள் பறக்கும் இடத்தில் முகமூடி உண்டா, மருத்துவச் சோதனை உண்டா என்று கேளுங்கள். நெய்வேலிக்குப் போன தாத்தாக்களிடமும் போக முடியாத பாட்டிகளிடமும் பேசிப் பதிவு செய்யுங்கள். கம்பெனியிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நம்மிடமும் ஒன்று இருக்க வேண்டும். அதன் முதல் பக்கத்தில் 'ஏன்' என்று எழுதியிருக்க வேண்டும்.

ஜெய்பீம்.