நிவாரணம் சென்ற வழி

கொள்ளைநோய்க் காலத்து இழப்பு எல்லார்மேலும் ஒரே அளவாய் விழுவதில்லை என்பதற்கு ஐக்கிய அமெரிக்க நாடுகளின் அண்மை வரலாறு சான்று பகர்கிறது. 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், அங்குத் தொழில் நடத்திவந்தோரின் தொகை வெள்ளையரிடையே 17 விழுக்காடும், பெண்களிடையே 25 விழுக்காடும், கறுப்பினத்தாரிடையே 41 விழுக்காடும் குறைந்ததாகப் பொருளியலறிஞர் இராபர்ட் ஃபேர்லி கணக்கிட்டார்.

அரசு வாளாவிருக்கவில்லை. மார்ச் 27இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வாயிலாகச் சிறுதொழில்களின் கடனுதவிக்கென 34,900 கோடி டாலர் ஒதுக்கிற்று. ஆனால் வழங்கும் பொறுப்பு வங்கிகளிடம் விடப்பட்டது. வங்கிகள் பலவும் தம்மிடம் முன்னரே கணக்கும் கடனும் உடையோரையே முதலில் கவனித்தன. ஊழியரின்றித் தனியராய்த் தொழில் செய்வோர் ஏப்ரல் 10 முதலே விண்ணப்பிக்க முடிந்தது. ஏப்ரல் 16இல் நிதி தீர்ந்துபோயிற்று. பெண்களும் சிறுபான்மையினரும் நடத்துந் தொழில்களில் மிகப்பல இவ்வகையினவே.

வங்கிக்கும் கறுப்பினத்தாருக்கும் இடையிலிருந்த தூரம் அன்று தோன்றியதன்று. விடுதலைபெற்ற அடிமைகளுக்கென 1865இல் நிறுவப்பட்ட சேமிப்பு வங்கி, 1874இல் வீழ்ந்து அவர்தம் நம்பிக்கையைக் குலைத்தது. 1930களில் அவர்கள் வாழ்ந்த பகுதிகள் கடனுக்குத் தகாதவை என வரைபடங்களில் சிவப்பு வண்ணத்தாற் குறிக்கப்பட்டன. 2020இன் நிவாரணம் இப்பழைய வழியிலேயே சென்றது. 2021 பிப்ரவரியில்தான், 20க்குக் குறைந்த ஊழியரையுடையோருக்கென இரண்டு வாரங்கள் தனியே ஒதுக்கப்பட்டன.

எருசலேம் சபையிலும் உதவி வழங்கப்பட்டே வந்தது. ஆயினும் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டனர். அப்போஸ்தலர் அம்முறையீட்டைக் கேட்டு, எழுவரை ஏற்படுத்திப் பங்கிடும் முறையையே திருத்தினர். கொடுத்தது எவ்வளவு என்று எண்ணுகிற திருச்சபை, அது யாரைச் சென்றடையவில்லை என்றும் விசாரிக்கக் கடமைப்பட்டுள்ளது.