கருவியைச் செய்த கருவி

கோழி முந்தியா, முட்டை முந்தியா என்ற புதிரை அறியாதவர் இல்லை. கணிப்பொறி உலகிலும் அப்படியொரு புதிர் உண்டு. மனிதர் எழுதும் நிரலைப் பொறி அறியும் கட்டளைகளாக மாற்றித் தரும் நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். கம்பைலரும் ஒரு நிரல்தானே? அப்படியானால் அதனை மாற்றிக் கொடுத்தது எது?

அதற்கு முந்திய கம்பைலர்தான்! இப்படியே பின்னோக்கிச் சென்றால், மனிதர் கையால் எழுதிய பொறிக் கட்டளைகளில் போய் நிற்போம். 1957-இல் ஐ.பி.எம். 704 பொறிக்காக ஜான் பேக்கஸ் குழுவினர் அளித்த ஃபோர்ட்ரான் கம்பைலர், பொறிமொழியை ஒட்டிய அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. 1962-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹார்ட், லெவின் என்ற இருவர் லிஸ்ப் மொழிக்கான கம்பைலரை லிஸ்ப்பிலேயே எழுதினர். அது தன்னைத்தானே மொழிபெயர்த்துக் கொண்டது!

ஏணியின் படிகள்

1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜி.சி.சி. என்ற கம்பைலரை எல்லோருக்கும் உரிமையாக வெளியிட்டார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை உருவாக்கியபோது துணை நின்றதும் இதுவே.

ஜி.சி.சி.யை எந்தப் பொறியிலும் நிறுவ வேண்டுமானால், அங்கு முன்பே இருக்கும் கம்பைலருக்கு அது புரிய வேண்டும் அல்லவா? ஆகவே அதன் ஆசிரியர்கள் நெடுங்காலம் பழைய நடைச் சி மொழியிலேயே அதனை எழுதினர். 2004-இல் வந்த 3.4 பதிப்பு முதல் 1989-ஆம் ஆண்டுத் தரத்துச் சி மொழி தேவைப்பட்டது. 2013-இல் வந்த 4.8 பதிப்பு முதல் 1998-ஆம் ஆண்டுத் தரத்துச் சி பிளஸ் பிளஸ். 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பு முதல் 2011-ஆம் ஆண்டுத் தரம்.

இதன் விளைவு என்ன? 2011-இல் வெளியான சென்ட்ஓஎஸ் 6 என்னும் லினக்ஸில் இருந்தது ஜி.சி.சி. 4.4. அதைக் கொண்டு நேரே 11-ஆம் பதிப்பை உருவாக்க முடியாது. முதலில் 4.8-ஐ உருவாக்கி, அதைக் கொண்டு 11-ஐ உருவாக்க வேண்டும். ஏணியில் ஒரு படியைத் தாண்டினால் கால் இடறும்.

மூன்று கட்டங்கள்

பழைய கம்பைலர் தவறு செய்திருந்தால் எப்படி அறிவது? ஜி.சி.சி. தன்னை மூன்று முறை உருவாக்கிக் கொள்கிறது. முதற்கட்டத்தைப் பழைய கம்பைலர் செய்கிறது. இரண்டாவதை முதற்கட்டமும், மூன்றாவதை இரண்டாவதும் செய்கின்றன. கடைசி இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வேறுபட்டால் எங்கோ பிழை என்று பொருள்.

பழையதை அழிக்காதீர்

புதியது வந்ததும் பழையதை நீக்கிவிடலாமா? கூடாது! அமைப்பின் மற்ற நிரல்கள் பழைய நூலகக் கோப்புகளை நம்பி இருக்கலாம். புதிய கம்பைலரைத் தனி அடைவில் வைப்பதே முறை. ரெட் ஹேட் நிறுவனமும் தன் பழைய லினக்ஸ் பதிப்புகளுக்குப் புதிய கம்பைலர்களை இவ்வாறே தனி இடத்தில் வைத்து வழங்கியது. இன்னொன்று: புதிய கம்பைலரில் உருவான சி பிளஸ் பிளஸ் நிரல் இயங்கும்போது, அதற்குரிய புதிய நூலகத்தைத் தேடும். அந்த இடத்தைக் காட்டத் தவறினால் நிரல் தொடங்காமலே போகக்கூடும்.

நம்பிக்கைச் சங்கிலி

யூனிக்ஸைப் படைத்தவர்களுள் ஒருவரான கென் தாம்சன், 1984-இல் வெளியான தம் டூரிங் பரிசு உரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். பழைய கம்பைலரில் ஒருவர் சூது வைத்திருந்தால், புதியதன் மூலநிரல் தூயதாக இருந்தாலும் அந்தச் சூது அதற்குள் புகுந்துவிடக் கூடும் என்பதே அது. மூன்று கட்டச் சோதனையும் அதைக் காட்டிக் கொடுக்காது. இரண்டு பிரதியிலும் அதே சூது இருக்குமல்லவா?

ஆகவே புதிய கம்பைலரை நிறுவும்போது, அதைப் பெற்றெடுக்கும் பழைய கம்பைலர் எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். தாயின் குணம் சேய்க்கும் வரும்.