ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் மீட்பு

ஞானஸ்நானம் பெறுமுன் இறந்துபோகும் குழந்தைகள் மோட்சம் சேருமா என்பது கிறித்தவ இறையியலின் மிகப் பழைய சர்ச்சைகளில் ஒன்று. தானாக ஒரு பாவமும் அறியாத சிசுவுக்கும் ஆதாமின் பாவத்தில் பங்குண்டு என்கிறது ஜென்மப் பாவம் பற்றிய போதனை. ஞானஸ்நானத்தால் வரும் மறுபிறப்பு இல்லாமல் இறையாட்சியில் இடமில்லை என்று கொள்ளப்பட்டது யோவான் நற்செய்தி 3:5. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வரும் முடிவு கொடுமையானது. அதை எப்படித் தாங்குவது, எப்படி மாற்றிப் பொருள்கொள்வது என்பதில்தான் திருச்சபைகள் பிரிந்து நிற்கின்றன.

ஐந்தாம் நூற்றாண்டில் இந்த முடிவை அஞ்சாமல் சொன்னவர் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் (354–430). குழந்தைகள் குற்றமற்றே பிறக்கின்றன என்ற பெலேஜியுஸின் கொள்கையை எதிர்த்து வாதாடியபோது, ஞானஸ்நானம் பெறாத சிசுக்களுக்கும் தண்டனை உண்டு, ஆனால் தண்டனைகளிலேயே அது மிக லேசானது என்று எழுதினார். 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலேஜியக் கருத்துகளைக் கண்டித்தது.

மேற்கத்திய இறையியல் அதன்பின் நூற்றாண்டுக்கணக்கில் இந்தத் தீர்ப்பைத் தணிப்பதிலேயே கழிந்தது என்றால் மிகையில்லை. ஜென்மப் பாவத்துக்குத் தண்டனை கடவுளைக் காணும் பேற்றை இழப்பது மட்டுமே, நரக வேதனை கர்மப் பாவத்துக்கு உரியது என்று 1201-இல் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் விளக்கினார். அந்தக் குழந்தைகள் தாங்கள் இழந்தது இன்னதென்றே அறியாததால் துயரமின்றி இயல்பான மகிழ்ச்சியில் இருக்கும் என்றார் தோமா அக்குவினாஸ். அந்தக் குழந்தைகள் இருக்கும் இடம் லிம்போ எனப்பட்டது; அதையே தாந்தே தன் காவியத்தில் நரகத்தின் முதல் வட்டமாக வைத்தார்.

பெற்றோருக்கு இந்த ஆறுதல் போதவில்லை. லிம்போவில் துன்பம் இல்லை என்றாலும், பிள்ளையோடு மோட்சத்தில் சேரும் வழியும் இல்லை. ஞானஸ்நானம் பெறாத உடலுக்குப் புனித மண்ணில் அடக்கமும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியிலுள்ள ஓபர்பூரன் மாதா கோயிலில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் நடந்ததைப் பார்த்தால் அந்தத் தவிப்பு புரியும். செத்துப் பிறந்த குழந்தைகளை அங்கே கொண்டுவருவார்கள். கனன்றெரியும் கரிக்கும் மெழுகுதிரிகளுக்கும் இடையில் உடலைக் கிடத்திச் சூடேற்றி, உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பார்கள். இறகு அசைந்தால் உயிர் வந்துவிட்டதாகக் கொண்டு உடனே ஞானஸ்நானம் கொடுப்பார்கள், பிறகு அடக்கம். கொன்ஸ்டான்ஸ் ஆயர் 1486-இல் இதை எதிர்த்து ரோமுக்கு முறையிட்டார். 1528-இல் பெர்ன் சீர்திருத்தத்துக்கு மாறியதும் வழிபாடு நின்றது. 1990-களின் அகழாய்வில் அங்கே சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமாகாது. இறையியலாளர்கள் அடைத்துவைத்த வழியைத் தாய்தகப்பன்மார் தாங்களே திறக்கப் பார்த்தார்கள். அயர்லாந்திலோ இத்தகைய குழந்தைகளைப் பாழடைந்த கோட்டைமேடுகளிலும் ஊரெல்லைகளிலும் தனியே புதைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது.

புரொட்டஸ்டண்டு சபைகள் லிம்போவை ஏற்கவில்லை. ஆனாலும் அவை ஒரே குரலில் பேசவில்லை. ஞானஸ்நானமின்றிக் குழந்தைகள் இரட்சிக்கப்படும் என்போரை லூத்தரன்களின் 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கை கண்டித்தது. விசுவாசிகளின் பிள்ளைகள் பிறவியிலேயே உடன்படிக்கைக்குள் இருக்கிறார்கள் என்று சொன்ன கால்வின், மருத்துவச்சிகள் அவசர ஞானஸ்நானம் கொடுப்பதை எதிர்த்தார். 1640-களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை, கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்ட சிசுக்கள் இரட்சிக்கப்படுவார்கள் என்றது. மற்றவை என்னவாகும் என்ற கேள்வியை அந்தச் சொல்லமைப்பே எழுப்பிவிட்டது. சிசுப்பருவத்தில் இறக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ளப்பட்டவர்களே என்று அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை விளக்கம் தர 1903 ஆயிற்று. நன்மை தீமை அறியும் வயது வரும்வரை குழந்தை கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பது பாப்டிஸ்டுகளின் பொதுவான நிலை. கிழக்குத் திருச்சபையில் சிக்கல் இவ்வளவு முற்றவில்லை: ஆதாமிடமிருந்து மனிதர் பெறுவது சாவே, குற்றமன்று என்பது அவர்களின் அடிப்படை.

கத்தோலிக்கத்தில் லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. அதைப் பெலேஜியக் கட்டுக்கதை என்று பிஸ்தோயா சங்கம் (1786) இகழ்ந்தபோது, 1794-இல் பாப்பரசர் ஆறாம் பயஸ் அந்த இகழ்ச்சியைக் கண்டித்தாரே தவிர, லிம்போவை நம்பியாக வேண்டும் என்று கட்டளையிடவில்லை. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் லிம்போ என்ற சொல்லையே எடுக்காமல், அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007-இல் பன்னாட்டு இறையியல் ஆணையம் வெளியிட்ட ஆவணம், அவர்கள் மீட்படைவார்கள் என நம்பிக்கைகொள்ள வலுவான காரணங்கள் உண்டு என்கிறது. உறுதியாகத் தெரியும் என்று சொல்லவில்லை. லிம்போ, விரும்பினால் வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் இறையியல் கருத்தாக இன்னும் எஞ்சியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான சிசுவுக்குக் குருவானவர் வரும்வரை காத்திராமல், சபையின் நோக்கத்தோடு தாதியோ வேற்று மதத்தவரோகூடத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற விதியும் மாறவில்லை.