எழுந்து நிற்கும் கூட்டமும் மறைந்துபோகும் ஆட்டமும்: கொல்கத்தா யுவபாரதி அரங்கை முன்வைத்து

ஒரு விளையாட்டரங்கு மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதா என்பதை நுழைவாயிலில் நின்று தீர்மானிக்க முடியாது. கோல் விழப்போகும் சில நொடிகளில்தான் அது தெரியவரும். முன்வரிசை முழுவதும் எழுந்துவிடும். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்மட்டமோ ஏறத்தாழ நான்கடி உயரத்திலேயே இருக்கும். சாய்தளம் அமைத்து, கழிப்பறைக் கதவை அகலப்படுத்தி அவரை உள்ளே அழைத்துவந்த ஏற்பாடெல்லாம் அந்நேரத்தில் வீணாகிவிடும். நம் நாட்டு அணுகல் நெறிமுறைகள் கட்டடத்துக்குள் நுழைவதைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. ஆட்டத்தைப் பார்ப்பது பற்றிய பேச்சு குறைவு. இருக்கையிலிருந்து ஆட்டம் மறைக்கப்படாமல் தெரியும் பார்வைக்கோடு கட்டாய விதியாக எழுதப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹவுராவிலிருந்து சால்ட் லேக்கின் விவேகானந்த யுவபாரதி அரங்குக்குச் செல்லும் வழியை எடுத்துக்கொள்வோம். ஹவுரா மைதானிலிருந்து எஸ்பிளனேடு வரை 2024 மார்ச்சிலும், இடையில் விடுபட்டிருந்த எஸ்பிளனேடு–சியால்தா பகுதி 2025 ஆகஸ்டிலும் திறக்கப்பட, கிழக்கு–மேற்கு மெட்ரோ முழுமை பெற்றது. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர் சுரங்கம். தரைக்குக் கீழே 30 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் ஹவுரா நிலையம். அத்தனை ஆழத்துக்கும் மின்தூக்கி இறங்குகிறது. நடைமேடை விளிம்பில் தடுப்புக் கதவுகள் இருப்பதால் பார்வையற்றவர் தண்டவாளத்தில் விழும் அச்சமில்லை. அரங்கின் பெயரிலேயே ஒரு நிலையமும் உண்டு. ஆற்றைக் கடப்பதைவிட, அந்த நிலையத்திலிருந்து இருக்கைக்குப் போய்ச் சேரும் கடைசித் தூரமே இப்போது கடினமானது. பெரிய ஆட்ட நாளில் கூட்டத்தை வரிசைப்படுத்தக் கட்டும் மூங்கில் தடுப்பு, ஒருவர் பின் ஒருவராக நடப்பவரை மனத்தில் வைத்துக் கட்டப்படுவது. சக்கர நாற்காலி தடையின்றிச் செல்ல 90 சென்டிமீட்டர் வேண்டும். அதைக் கணக்கில் கொள்ளாத ஒரே ஒரு வளைவு போதும், சுரங்க ரயில் கொண்டுவந்து சேர்த்தவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

1984இல் திறக்கப்பட்ட இவ்வரங்கில் பார்வையாளர்களுக்கென்றே 30 சாய்தளங்கள் உண்டு. எனவே இது இயல்பாகவே அணுகத்தக்கது என்று சிலர் கருதக்கூடும். நான் அதை ஏற்கவில்லை. கூட்டம் நடந்து ஏறும் சரிவு வேறு, சக்கர நாற்காலி ஏறும் சரிவு வேறு. பின்னதற்கு 12 அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் உயரம் கூடாது. இடையிடையே சமதளமும் இருபுறமும் கைப்பிடியும் வேண்டும். சாய்தளம் முடிந்து கேலரிக்குள் திரும்பும் இடத்தில் படிகள் தொடங்கிவிட்டால் முன்னால் உள்ள சரிவால் பயனில்லை.

2017ஆம் ஆண்டை இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அவ்வாண்டு ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் ஜூன் 15இல் வெளியாயின. அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பை. 1997 ஜூலை 13இல் நகரின் எதிரெதிர் அணிகளான மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்துக்கு 1,31,000 பேருக்கு மேல் திரண்ட அரங்கு, அப்போட்டிக்காகப் புதுப்பிக்கப்பட்டு ஏறத்தாழ 66,000 இருக்கைகளோடு உலகை வரவேற்றது. இருக்கைகளைக் குறைத்தால் வருவாய் போகும் என்பதுதான் அரங்க நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் தடை. உலகக் கோப்பையை நடத்தும் சர்வதேச அமைப்பு கேட்டபோது ஆயிரக்கணக்கில் குறைக்க முடிந்தது. நாட்டின் சட்டம் கேட்டால் சில நூறு இருக்கைகளைக் குறைக்க முடியாதா?

அச்சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக்கட்டடங்களை விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்கச் சொன்னது. அந்தக் கெடு 2022 ஜூனோடு முடிந்தது. அணுகல் உரிமை தொடர்பான ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விதிகளில் அணுகல் தரங்களைப் பற்றிய விதி 15(1)ஐச் செல்லாது என்றது. கட்டாயமாக்க வேண்டியதை வெறும் வழிகாட்டுதலாக விட்டுவிட்டது என்பதே காரணம். மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை வகுக்க ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. அந்தக் குறைந்தபட்சத்தில் பார்வைக்கோடு இடம்பெற வேண்டும்.

இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டனில் எழுந்துகொண்டிருந்த உள்ளரங்கு ஒன்றின்மீது முடக்குற்ற முன்னாள் படைவீரர் சங்கம் தொடர்ந்த வழக்கில், சக்கர நாற்காலி இடங்களில் ஏறத்தாழ அனைத்திலிருந்தும், முன்னால் நிற்பவரின் தலைக்கு மேலாக ஆட்டம் தெரிய வேண்டும் என்பதை 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை முன்வரிசையின் தூரத்தையும் நிற்பவரின் உயரத்தையும் கொண்டு எந்தப் பொறியாளரும் கணக்கிட்டுவிடலாம்.

உயர்த்தினால் மட்டும் போதாது, எங்கே உயர்த்துகிறோம் என்பதும் முக்கியம். எல்லா இடங்களையும் ஒரே மூலையில் குவித்தால் மோகன் பகான் ரசிகர் ஈஸ்ட் பெங்கால் கொடிகளுக்கு நடுவே உட்கார நேரும். அவருடைய தம்பியும் நண்பர்களும் வேறொரு பகுதியில் இருப்பார்கள். வங்காளத்தில் கால்பந்து குடும்பத்தோடும் தெருவோடும் சேர்ந்து பார்க்கும் ஆட்டம். இடங்கள் எல்லாப் பக்கமும் பரவியிருக்க வேண்டும், பக்கத்திலேயே துணைவருக்கும் இருக்கை வேண்டும். பார்வையற்ற ரசிகருக்குக் காதொலி வழியாக நேர்முக வர்ணனை வேண்டும். அஜய் பாசு, கமல் பட்டாச்சார்யா, புஷ்பேன் சர்க்கார் ஆகியோரின் வானொலிக் குரலிலேயே கால்பந்தை அறிந்த மண்ணுக்கு இது அந்நியமல்ல.

பாதுகாப்பைக் காரணம் காட்டி இத்தகைய இடங்களை மறுப்பவர்களும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16இல் ஈடன் கார்டன்ஸில் கூட்ட நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்ததை இந்நகரம் மறக்கவில்லை. அப்படியொரு நெரிசலில் ஓட முடியாதவருக்கு, நெரிசல் எட்டாத புகலிடமும் தனி வெளியேறும் வழியும் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அவரை வராமல் தடுப்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது.

இக்கடமை உலகக் கோப்பை நடக்கும் அரங்குகளோடு நிற்பதில்லை. 1951 ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்த அணித்தலைவர் சைலன் மன்னாவின் பெயரில் ஹவுரா மாநகராட்சிக்கு ஓர் அரங்கு உண்டு. 45ஆம் பிரிவு அதற்கும் பொருந்தும்.