கியூபெக் பாலமும் நேர்வாய்வின் கண்டிப்பும்

கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே எழுந்துகொண்டிருந்த கியூபெக் பாலத்தின் தென்பகுதி, 1907 ஆகஸ்ட் 29 அன்று மாலை வேலை முடியும் தறுவாயில் சரிந்து, 75 தொழிலாளர்களைப் பலிகொண்டது. அதை ஆராய்ந்த அரச ஆணையத்தின் 1908ஆம் ஆண்டு அறிக்கையை, ஒரே கட்டுமானத்தை அதன் சூழலோடு சேர்த்துத் துருவி ஆராயும் நேர்வாய்வு முறைக்கு முன்னோடியாகக் கொள்வதில் தவறில்லை.

ஆணையத்தின் உறுப்பினர்களான ஹோல்கேட், கெர்ரி, கால்பிரெயித் ஆகிய மூன்று பொறியாளர்களும் எந்த ஒரு சான்றையும் தனித்து நம்பவில்லை. பாலத்தின் எடையைத் தாங்கி அழுத்தத்துக்கு உள்ளாகும் கீழ்நாண் உறுப்புகளில் ஒன்று, முக்கால் அங்குல வளைவிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் இரண்டு அங்குலத்துக்கும் மேல் வளைந்திருந்ததை, விபத்துக்கு இரண்டு நாள் முன்பே களப்பொறியாளர் அளந்திருந்தார். பொருத்துவதற்கு முன்பே அந்த வளைவு இருந்தது என்ற மறுவிளக்கத்தையும் ஆணையம் ஒதுக்கிவிடாமல் கேட்டு, கடிதங்களோடும் சாட்சியங்களோடும் ஒப்பிட்டது. சிறிய அளவில் செய்த மாதிரி உறுப்பைச் சோதித்தபோது, அதன் தகடுகளைப் பிணைத்த பின்னல் சட்டங்களின் தறையாணிகள் அறுபட்டன. வடிவமைப்பே பிழை என்ற முடிவு அதனால் வலுப்பெற்றது.

மேலாண்மைத் துறையினருக்கு இவ்வறிக்கையின் மற்றொரு பகுதி இன்னும் முக்கியமானது. மைய இடைவெளி 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டப்பட்ட பிறகும் பாலத்தின் சொந்த எடை உரிய காலத்தில் மீண்டும் கணக்கிடப்படவில்லை. இறுதி அதிகாரம் பெற்ற ஆலோசகர் தியோடர் கூப்பர் நியூயார்க்கில் இருக்க, வேலையை நிறுத்தும் துணிவும் அதிகாரமும் கொண்ட எவரும் களத்தில் இல்லை. உலோகத்தின் முறிவையும் பொறுப்பின் முறிவையும் ஒரே ஆய்வுக்குள் நிறுத்தியதே ஆணையத்தின் பெருஞ்சாதனை.

பலவகைச் சான்றுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தல், போட்டி விளக்கங்களைச் சோதித்தல், தரவிலிருந்து முடிவுவரை பிறர் தொடரத்தக்க சான்றுச் சங்கிலியைப் பேணுதல் ஆகியவற்றை நேர்வாய்வு முறை பற்றி ராபர்ட் யின் 1984இல் வெளியிட்ட நூல் நெறிகளாக வகுத்தது. மேலாளர்கள் சிலரின் நேர்காணலோடு நின்றுவிடும் கட்டுமான ஆய்வுகள் இந்த அளவுகோலுக்கு எட்டுவதில்லை.

ஒரு நேர்விலிருந்து எவ்வளவு தூரம் பொதுமைப்படுத்தலாம் என்ற வினாவுக்கும் இதே பாலம் சான்றாகிறது. உறுப்புகள் வலுவாக்கப்பட்டு மறுவடிவம் பெற்ற பாலத்தின் நடுப்பகுதியை 1916இல் மேலே தூக்கியபோது, அதைத் தாங்கிய வார்ப்பு உடைந்து 13 பேர் இறந்தனர். அந்தக் காரணம் முதல் விபத்தின் ஆய்வு எல்லைக்குள் வரக்கூடியதே அல்ல.