சுட்டியும் வவுச்சரும்

வங்கியில் சேர்ந்த புதிதில் மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: பேரேட்டில் பதிவு இருந்தால் மட்டும் போதாது, அதற்கு வவுச்சர் இருக்க வேண்டும். இணையத்தில் எழுதும்போது நாம் தருகிற சுட்டியும் வவுச்சர் மாதிரிதான். என்ன, இந்த வவுச்சர் இருப்பது நம் பீரோவில் அல்ல, அடுத்தவர் வீட்டில்.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே சாட்சி. சிறுவர்களுக்கு வன்முறை வீடியோ கேம் விற்பதைத் தடை செய்த கலிஃபோர்னியா சட்டம் பற்றிய வழக்கில், 2011-ல் நீதிபதி சாமுவேல் அலிட்டோ தனியாக எழுதிய தீர்ப்புரையில் ஓர் இணையப் பக்கத்தை மேற்கோள் காட்டினார். பிறகு அந்தப் பக்கம் மறைந்துபோனது. யாரோ ஒருவர் அந்த முகவரியை வாங்கி, இணையச் சான்றுகளின் நிலையாமையைக் கிண்டலடித்து எழுதி வைத்துவிட்டார்!

2013-ல் ஹார்வர்டின் ஜோனதன் ஸிட்ரெய்னும் சகாக்களும் கணக்கெடுத்தார்கள். அந்த நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த சுட்டிகளில் ஏறக்குறைய பாதி, பழைய தகவலைக் காட்டவில்லை. அதே ஆண்டில் ஹார்வர்டு சட்ட நூலகம் 'பெர்மா' என்ற சேவையைத் தொடங்கியது. மேற்கோள் காட்டும் பக்கத்தை நகலெடுத்து, அந்த நகலுக்கு ஒரு நிலையான முகவரி தருவார்கள்.

இதற்கெல்லாம் முன்னோடி, 1996-ல் ப்ரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ். அதன் வேபேக் மெஷின் 2001-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. 2009 அக்டோபரில் யாஹூ, ஜியோசிட்டீஸை மூடியபோது அங்கிருந்த சொந்தப் பக்கங்களில் ஏராளமானவற்றைக் காப்பாற்றியதில் அதற்கும் பங்குண்டு. விக்கிப்பீடியாவில் செத்துப்போயிருந்த 90 லட்சத்துக்கும் அதிகமான சுட்டிகளுக்கு 2018-க்குள் அது உயிர் கொடுத்தது.

அந்த ஆர்கைவே 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாட்கள் முடங்கியது. ஆக, ஒரே பெட்டியை நம்பக்கூடாது.

ஊரை விட்டு வந்த நம் பிள்ளைகள் நம் ஊர்க்கதையைத் தேடப்போவது இணையத்தில்தான். எனவே ஊர்க்கோயிலைப் பற்றியோ பள்ளியைப் பற்றியோ எழுதினால், மேற்கோள் காட்டும் பக்கத்தை அன்றைக்கே வேபேக் மெஷினில் சேமித்து அந்தச் சுட்டியையும் கொடுங்கள். தலைப்பு, எழுதியவர் பெயர், தேதி மூன்றையும் குறியுங்கள். சுட்டி செத்தாலும் தேடிப் பிடிக்க அவை உதவும். வீட்டுக் கணினியிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

வவுச்சர் இல்லாத பதிவை ஆடிட்டர் ஏற்கமாட்டார். நம் பேரப்பிள்ளைகள் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?