பெய்ரா: ஒரு மான், நிறைய ஆடு, ஒரு வைரஸ்

பெய்ரான்னு ஒரு மான் இருக்கு, கேள்விப்பட்டிருக்கீங்களா? பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது. வடக்கு சோமாலியா, ஜிபூட்டி, எத்தியோப்பியாவோட ஒரு ஓரம். அங்க இருக்கிற வறண்ட கல்மலைகள்தான் இதோட மொத்த உலகம்.

எடை சுமார் பத்து கிலோ. காது மட்டும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெருசு. நம்ம வெளிமான் மாதிரி உதிராத கொம்பு, அதுவும் கிடாவுக்கு மட்டும். உருளுற கல்லுல ஓட, குளம்புக்கடியில மெத்தை. தண்ணியைப் பெரும்பாலும் தழையிலிருந்தே எடுத்துக்கும்.

1894ல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜோசப் மெங்கஸ். ஹாம்பர்க் விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக்குக்காக ஆப்பிரிக்காவில் மிருகம் பிடித்தவர். 'கண்டுபிடிச்சார்'னு எழுத எனக்கு மனசு வரல. பெய்ராங்கிற பேரே சோமாலிக்காரங்க வச்சதுதானே! 1910ல் சோமாலிலாந்தின் பாலூட்டிகள் பற்றிப் புத்தகம் எழுதிய டிரேக்-பிராக்மேன் அங்கே வேலை பார்த்த ஒரு டாக்டர். (நம்மாளு, சொல்லாம விட முடியல.)

இப்ப ஆட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ்காரங்க 1839ல் ஏடன் துறைமுகத்தைப் பிடிச்சாங்க. அங்க இருந்த பட்டாளத்துக்குக் கறி வேணும். கறி எதிர்க்கரையில, சோமாலி மேய்ச்சல் நிலத்துல இருந்துச்சு. 1880களில் அந்தக் கரையையும் தங்கள் பாதுகாப்பில் எடுத்துக்கிட்டதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். 'ஏடனின் கறிக்கடை'ன்னே அதுக்கு ஒரு பட்டப்பேர். பிற்பாடு பட்டாளம் போச்சு, சந்தை போகல. பெர்பெரா துறைமுகத்திலிருந்து ஹஜ் காலத்துக்கு லட்சக்கணக்கில் ஆடுகள் சவுதிக்குக் கப்பலேறின. அத்தனை ஆடும் மேய்ஞ்சது பெய்ரா மேயுற அதே வேலமரம், அதே புதர்.

அடுத்தது என் பாடம். ரிஃப்ட் வேலி காய்ச்சல். கொசு பரப்பும் வைரஸ். மந்தைகள்ல சினை கலைஞ்சு, குட்டிகள் கொத்துக்கொத்தா சாகும். மனுஷங்கள்ல பெரும்பாலும் சாதாரண காய்ச்சல்தான், ஆனா சிலருக்கு ரத்தப்போக்கு, மூளைக்காய்ச்சல், பார்வை இழப்பு வரை போகும். 1997-98 வெள்ளத்துக்குப் பிறகு கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவுச்சு. சவுதி இறக்குமதியை நிறுத்தியது. 2000ல் சவுதியிலும் ஏமனிலுமே நோய் வந்தது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுதான் முதல் தடவை. மறுபடி தடை. நீங்க 2009 வரைக்கும் நீண்டது.

ஆடு விக்க முடியாத குடும்பம் என்ன செய்யும்? பலர் வேலமரத்தை வெட்டிக் கரி சுட்டு வித்தாங்க. அந்த மேய்ப்பரை வில்லனாக்குறது சுலபம், நான் ஆக்கமாட்டேன். போருக்கப்புறம் அவர்கிட்ட மிச்சமிருந்தது மந்தை மட்டும்தான். அதையும் வாங்க ஆளில்ல.

இன்னிக்கு ஐயுசிஎன் சிவப்புப் பட்டியல்ல பெய்ரா 'அழிவாய்ப்பு இனம்'. வேட்டை, வறட்சி, மிகை மேய்ச்சல், கரிக்கு மரம் வெட்டுறது எல்லாம் காரணங்கள். கத்தார்ல அல் வாப்ராங்கிற தனியார் காப்பகத்துல குட்டி ஈன வச்சிருக்காங்க. ஆடு போன அதே திசையில, கடல் தாண்டி.